ரெண்டு அடின்னு சொன்னாங்க

...ரெண்டு அடின்னுதான் சார் சொன்னாங்க. ரெண்டே ரெண்டு அடி. தோ, இந்த செவுத்துல கோடு தெரியுதா? அது இல்ல, அது பெயின்ட் தெறிச்சது. அதுக்கு மேல, காலண்டர் மாட்டிகீதே, அது பக்கத்துல பழுப்பா ஒண்ணு ஓடுது பாருங்க. அதான் போன டிசம்பர்ல தண்ணி நின்ன இடம். டேப்பு வச்சி அளந்துட்டேன். நாலர அடி. ரெண்டு எங்க, நாலர எங்க? மூணு தபா வெள்ள அடிச்சேன் சார், அடிச்ச மறுவாரமே எட்டிப் பாக்குது. சரி, இருந்துட்டுப் போவட்டும்னு உட்டுட்டேன். கேக்கறவங்களுக்கு காட்டலாம் இல்ல?

உக்காருங்க சார். அந்த ஸ்டூல் வாணாம், ஒரு காலு ஆடும், அதுவும் தண்ணியில ஊறுனதுதான். இந்த சேருல உக்காருங்க. இன்னா அது, பேப்பர சுருட்டி வச்சிக்கினு கீறீங்க? நேம் போர்டு டிசைனா? குடுங்க... இல்ல இருங்க, கையெல்லாம் பெயின்ட்டு. அப்பால பாக்கலாம். மழ வேற புடிச்சிக்கிச்சி, இப்ப நீங்க எங்கயும் போவ முடியாது. ஆமா, நம்ம கடைய எதப் பாத்து வந்தீங்க? எழுதின வேல எதுனா பாத்துதான வந்தீங்க? தலையாட்றீங்க பாருங்க, எனக்குத் தெரியும். எங்க வேல செஞ்சாலும் கீழ மூலையில சின்னதா "முத்தாலம்மன் ஆர்ட்ஸ்"னு எழுதி செல் நம்பரும் போட்ருவேன். தண்ணி லாரில எழுதினாலும் சரி, பள்ளிக்கூட செவுத்துல எழுதினாலும் சரி. துலுக்காணம் எழுதினான்னு நாலு பேருக்குத் தெரியணுமா இல்லியா? செஞ்ச வேலைக்கு பேரு போடறவன் ஏமாத்த மாட்டான் சார். பேரு போடாதவன்தான் ஏமாத்துவான். வெள்ளம் வருதுன்னு போனுக்கு அந்த மெசேஜ் உட்டாங்களே, அதுல எவன் பேராவது இருந்திச்சா?

இருங்க, காட்றேன். அழிக்காம வச்சிகீறேன். "தாழ்வான பகுதிகளில் மாலை ஆறு மணியளவில் இரண்டு அடி வரை நீர் வரக்கூடும்." வரக்கூடும். பாத்தீங்களா? வரும்னும் சொல்ல மாட்டான், வராதுன்னும் சொல்ல மாட்டான். பொண்ணு பாத்து பஜ்ஜி துன்னுட்டு போற மாப்ள வூட்டுக்காரன் மாதிரி. சரிப்பா, ரெண்டு அடி வரக்கூடும். நான் இன்னா பண்ணேன்? நானு லூசா? ஸ்டிக்கர் வெட்ற மிஷின தூக்கி மூணு அடி டேபிள் மேல வச்சேன். ஒரு அடி சேப்டி. அது மேல பிளாஸ்டிக் கவரு. அது மேல சாமி படம். மெசேஜ் வந்தது காலையில பதினோரு மணி. தண்ணி வந்தது சாயங்காலம் நாலு. ஆறு மணின்னு சொன்னானே, நாலு மணிக்கு வந்திச்சி. அதுலயும் தப்பு. உயரமும் தப்பு, நேரமும் தப்பு. தெருப் பேரு மட்டும்தான் கரெக்டு. மிஷினு இப்ப எங்க கீது தெரியுமா? தோ, உங்க சேருக்குப் பின்னால. அது மேலதான் செருப்பு உட்டு வச்சிகீறேன்.

இல்ல சார், நான் சும்மா பேசல. இதப் பத்தி எனக்கு அல்லாம் தெரியும். மீட்டிங்கே போட்டு சொல்லிக் குடுத்தாங்க. வெள்ளத்துக்கு நாலு மாசம் முன்னாடி, கல்யாண மண்டபத்துல. ஜெயஸ்ரீன்னு ஒரு மேடம் வந்தாங்க, எஞ்சினியரு. சின்ன வயசுதான். செவுத்துல படம் காட்டி, கையில மைக்கு புடிச்சிக்கினு, "வெள்ளம்ன்றது ஒரு அலை"ன்னு ஆரமிச்சாங்க. அலையாம். நான் கோவளத்துல கட்டுமரத்துக்கெல்லாம் நம்பர் எழுதினவன் சார், அலைன்னா இன்னான்னு எனக்குத் தெரியாதா? நம்ம தெருவுல வர்றது அலையா? அது கலீஜு. கழிவுத் தண்ணி, கோழி ரெக்க, பக்கத்துத் தெருக்காரன் ஒத்த செருப்பு.

அப்பால அவங்க ஒரு உதாரணம் சொன்னாங்க. அது கொஞ்சம் சோக்காதான் இருந்திச்சி, பொய் சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு மொத நாள் கெளாம்பாக்கத்துலருந்து ஒரே மணி நேரத்துல முன்னூறு பஸ்ஸு கெளம்புது. சிங்கப்பெருமாள் கோவில் தாண்டறப்போ இன்னா ஆவும்? அதே முன்னூறு பஸ்ஸுதான், ஆனா நாலு மணி நேரமா போய்கினே இருக்கும். ஒரே சமயத்துல நெருக்கற கும்பல் கொறஞ்சிடும், நேரம் இழுத்துக்கும். வெள்ளமும் அப்படித்தானாம். ஆத்துல நமக்கு மேல ஒரு பாலம் கீது இல்ல, அந்த மேல பாலத்துல ஓங்கி வர்ற தண்ணி, இங்க வந்து சேர்றப்போ கொஞ்சம் அடங்கி, நீளமா வரும். நடுவுல ஏரி இருந்தா அது டோல்கேட்டு மாதிரி. எவ்ளோ வேகமா வண்டி வந்தாலும் அது தண்ணி வழியற கலங்கல் வழியா அது இஷ்டத்துக்குத்தான் உடும். ஏரி நெரம்ப நெரம்ப வெளிய போறது ஜாஸ்தி ஆவும். இத்த அல்லாம் கணக்கு போட்டா, மேல பாலத்துல காலையில இவ்ளோ தண்ணி ஓடுச்சின்னா, நம்ம தெருவுல சாயங்காலம் எத்தினி மணிக்கு எத்தினி அடி நிக்கும்னு முன்னாடியே சொல்லிடலாம்னு சொன்னாங்க.

அதுக்கு ரெண்டு எழுத்து வேற. கே ஒண்ணு, எக்ஸ் ஒண்ணு. கேன்னா பாலத்துலருந்து நம்மாண்ட வந்து சேர்ற நேரம். எக்ஸுன்னா வழியில எவ்ளோ பரவி அடங்குதுன்றது. அந்த எக்ஸுக்கு இன்னா வெலைன்னு போன வெள்ளத்தப் பாத்து இவங்களே போட்டுக்குவாங்களாம். நான் எந்திரிச்சி கேட்டேன். மேடம், பஸ்ஸுன்னா டிக்கெட்டு வாங்கினவன் சொல்ற எடத்துல நிக்கும், தண்ணிக்கு எங்க வூட்டாண்ட இன்னாத்துக்கு ஸ்டாப்பிங்குன்னு. மண்டபமே சிரிச்சிது. அந்தப் பொண்ணும் சிரிச்சிது. ஆனா அப்பால மூஞ்ச சீரியஸா வச்சிக்கினு ஒண்ணு சொன்னாங்க சார், அது எனக்கு நெஞ்சுல ஒட்டிக்கிச்சி. "எங்க கணக்கு அவ்வளவும் மேல பாலத்துல பாக்கற அந்த ஒரு நம்பர நம்பித்தான் இருக்கு. அந்த நம்பர் தப்புன்னா, நாங்க என்ன போட்டாலும் தப்புதான்." கரெக்டா இதான் சொன்னாங்க. அப்பறம் சமோசா குடுத்தாங்க, டீ குடுத்தாங்க. சமோசா ஆறிப் போயிருந்திச்சி.

டீ சொல்லட்டா? வாணாமா? மணி பாத்துக்கினே கீறீங்க. அவசரப்படாதீங்க சார், மழ உடட்டும்.

அந்த மீட்டிங்குல மயங்கினது யாருன்னா நம்ம தேவானந்தம் சார். இந்த செவுத்துக்கு அந்தாண்டதான் வூடு. ஒத்த செங்கல் செவுரு, நான் இங்க இருமுனா அவரு அங்க "தண்ணி குடிப்பா"ன்னுவாரு. முப்பது வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்தவரு. சம்சாரம் ஜெயசீலி டீச்சர், அவங்களும் ரிட்டையர்டு. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போயிட்டு வந்தா எனக்கு கேக்கு வரும், அவ்ளோ நல்ல மனுஷாளு. இவரு அந்த கேயும் எக்ஸும் நோட்டுல எழுதிக்கினு வந்து, வூட்ல உக்காந்து தனியா கணக்கு போட ஆரமிச்சிட்டாரு. ஒரு நாளு கூப்ட்டு, "துலுக்காணம், இது எவ்வளவு அழகா இருக்கு பாத்தியா, உள்ள வர்றதுல வெளிய போறத கழிச்சா உள்ள நிக்கறது, இவ்ளோதான்"ன்னு சொல்றாரு. அதான் சார் எங்க வூட்டு கொடத்துக்கே தெரியுமேன்னேன்.

வெள்ளம் வந்த அன்னிக்கி இன்னா ஆச்சி. அத்த சொல்லணும். அன்னிக்கி காலையில அவரு கெளம்பறேன்னாரு. பொண்ணு ஜெரூஷா படப்பையில கீது, மேட்டுப் பக்கம், மாடி வூடு. "அப்பா வந்துடு வந்துடு"ன்னு போன் மேல போன். ஆட்டோக்கு சொல்லிட்டாரு. டீச்சரம்மா ரெண்டு பை ரெடி பண்ணி வாசல்ல வச்சிட்டாங்க. அப்பத்தான் மெசேஜ் வந்திச்சி. ரெண்டு அடி. நான்தான் சார் போய் சொன்னேன். சார், ரெண்டு அடிதான், உங்க கட்டிலே ரெண்டர அடி, சக்கர ஒடம்ப வச்சிக்கினு மழயில எங்க போறீங்க, மேல படுத்துக்கினு பேப்பர் படிங்க, நான் கீறேன்னு. ஆட்டோக்காரன நான்தான் திருப்பி அனுப்பினேன். அவருக்கும் கணக்கு மேல நம்பிக்க. நோட்ட எடுத்துப் பாத்துட்டு, "ஆமா, ரெண்டு நாலுன்னா ரெண்டு அடிதான் வரும்"னு உக்காந்துட்டாரு. ரெண்டு நாலுன்றது பாலத்துல ஒம்போது மணிக்கு பாத்த நம்பரு, ஆபீசுக்கு போன் பண்ணி கேட்டு வச்சிருந்தாரு. ரெண்டு புள்ளி நாலு மீட்டர்.

நாலு மணிக்கு கதவத் தெறந்துகினு வந்திச்சி. அஞ்சுக்குள்ள கட்டில் முழுகிடிச்சி. நானும் எதிர் வூட்டுப் பசங்களும் சேந்து, "வீடு வாடகைக்கு"ன்னு நான் எழுதி வச்சிருந்த, தகரம் அடிச்ச பெரிய மரப் பலகையில அவர உக்கார வச்சி, நெஞ்சளவு தண்ணியில தள்ளிகினு போனோம். பின்னாடி டீச்சரம்மா ரெண்டு பையையும் தலையில வச்சிக்கினு வராங்க. பலகையோட முனை அவரு காலுல கீறிகீது. அவருக்கே தெர்ல, சக்கர இருக்கறவங்களுக்கு காலு மரத்துப் போயிடும் இல்ல? மூணு வாரம் கழிச்சி ஆஸ்பத்திரியில ரெண்டு விரலு எடுத்துட்டாங்க. எடது காலு. அந்தப் பொண்ணு ஜெரூஷா இன்னி வரைக்கும் என்னாண்ட பேசறது இல்ல. எதிர்ல வந்தா போன பாக்கும். அது தப்பில்ல சார். அது கோவம் ஞாயம். ஆனா நான் இன்னா பண்ணேன்? மெசேஜத்தான சொன்னேன்?

அதான் நான் உடல. எவன்டா காரணம்னு தேடினேன். அந்தப் பொண்ணு ஜெயஸ்ரீ, வெள்ளம் வடிஞ்சப்பறம் வந்திச்சி. தெருத் தெருவா நடந்து செவுத்துக் கோடெல்லாம் அளந்திச்சி. மூஞ்சே சரியில்ல, பாவம். "நாலு மணிக்கே வந்திருக்குன்னா அலை வேகமா வந்திருக்கு. இவ்வளவு வேகமா வரணும்னா மேல இன்னும் நெறைய தண்ணி போயிருக்கணும். எங்களுக்கு வந்த நம்பர்லதான் ஏதோ தப்பு"ன்னு சொல்லிச்சி. ஆஸ்பத்திரி கட்டில்ல படுத்துக்கினு தேவானந்தம் சாரும் அதத்தான் சொன்னாரு. கால்ல கட்டு, கையில நோட்டு. பின்னாலருந்து கணக்கு போட்டாராம். நம்ம தெருவுல நாலர அடி நின்னிருக்குன்னா, பாலத்துல அன்னிக்கி காலையில ரெண்டு நாலு இருந்திருக்கவே முடியாது, மூணு மீட்டராவது இருந்திருக்கணும்னு. ரெண்டு பேரும் தனித்தனியா, ஒரே பேச்சு. அப்ப யாரு தப்பு? நம்பர் பாத்து சொன்னானே, அவன்!

ரவின்னு ஒருத்தன் சார். பாலத்தாண்டதான் வூடு. மழக் காலத்துல மணிக்கு ஒரு தபா பாலத்துத் தூணுல தண்ணி எந்த நம்பர்ல நிக்குதுன்னு பாத்து ஆபீசுக்கு போன் பண்றதுதான் அவன் வேல. வேற ஒண்ணும் கெடையாது. பாக்கணும், சொல்லணும். அதக் கூட ஒயுங்கா செய்யல. வூட்ல போத்திகினு படுத்துகினு வாய்க்கு வந்தத சொல்லிகீறான். கேட்டா, கொழந்த மேல சத்தியம் பண்றான், "நான் கொட புடிச்சிக்கினு நின்னு பாத்துதான் சொன்னேன், ரெண்டு நாலுதான் இருந்திச்சி"ன்னு. இதுல பெரிய காமெடி இன்னா தெரியுமா? மத்யானம் போன் பண்ணி, "மேடம், மூணு ஒண்ணுக்கு மேல போயிடிச்சி, அதுக்கு மேல நம்பரே இல்ல"ன்னானாம். கேட்டுக்கினீங்களா? தண்ணி கீதாம், நம்பர் இல்லியாம். குடிகாரப் பேச்சு பாருங்க. ஆபீஸ்ல இருக்கறவங்க அத்த நம்பாம திருப்பித் திருப்பி கேட்டுக்கினே இருந்துருக்காங்க, அதுக்குள்ள இங்க எனக்கு முட்டிக்கு மேல வந்திடிச்சி.

உட்டனா? தெருவுல அல்லாரையும் கூட்டி ஒரு மனு எழுதினேன். மொத கையெழுத்து என்னுது. தேவானந்தம் சாராண்ட போனேன், அவரு போட மாட்டேன்னுட்டாரு. "அவன் பாத்தத சொல்றான்னா, பாத்த இடத்துல என்ன இருக்குன்னு போய்ப் பாக்கணும் துலுக்காணம், அதுக்கப்பறம்தான் கையெழுத்து"ன்னாரு. வாத்தியாருங்களே இப்படித்தான், எவன் காப்பி அடிச்சாலும் மொதல்ல பெஞ்சுக்கு அடியில பாக்கணும்பாங்க. கால் போச்சி இவருக்கு, பெஞ்சு பாக்கறாரு. அவரு கையெழுத்து இல்லாமலே மனு போச்சி, அறுபத்தி மூணு பேரு. ரவிய வேலைய உட்டு தூக்கிட்டாங்க. இப்ப பெருங்களத்தூர் ரயில்வே கேட்டாண்ட எங்கியோ மூட்ட தூக்கறானாம். நல்லா வேணும். இதச் சொன்னா பீர்க்கன்கரணையில எங்க மச்சினி கீது, மஹாலட்சுமின்னு, அது சொல்லுது, "பாவம் மாமா, புள்ளக்குட்டிக்காரன்"னு. இன்னா பாவம்? அது வூடு ஏரிக்கர மேல கீது, அதுக்கு ஒரு சொட்டு வரல, அது சொல்லும்.

அதுல ஒரு நல்லது சார். இப்ப புதுசா ஒரு ஆளு போட்டுகீறாங்க, ஹேமநாத்துன்னு. படிச்ச பையனாம். போட்டோ எடுத்தே அனுப்பறானாம். நம்பர் பளிச்சுன்னு தெரியுதாம். அதனால இந்த வருஷம் மெசேஜ நம்பலாம். இன்னிக்கி கூட வந்திச்சே, நீங்க பாக்கல? மத்யானம் ஒரு மணிக்கு. "இரவு ஏழு மணியளவில் ஒரு அடி வரை." ஒரு அடின்னா ஒண்ணும் இல்ல, வாசப்படியே ஒரு அடி. காலையிலருந்து அந்தப் பொண்ணு ஜெரூஷா அப்பாக்கு போன் பண்ணிகினே கீது, கார் எடுத்துக்கினு வரேன்னு. அவரு செவுத்துக்கு அந்தாண்டருந்து என்ன கேட்டாரு, "இன்னா துலுக்காணம், போவட்டுமா?"ன்னு. நான்தான் சொன்னேன். சார், இது ரவி காலம் இல்ல, இப்ப ஒயுங்கான ஆளு, ஒரு அடின்னா ஒரு அடிதான், ஊணுகோல வச்சிக்கினு இந்த மழயில எங்க போறீங்கன்னு. சரின்னு பொண்ண வர வாணாம்னுட்டாரு. வெறகு தட்ற மாதிரி சத்தம் கேக்குதே, அவருதான், கோலு தட்டிகினு நடக்கறாரு.

அட, உங்க வேலைய மறந்துட்டேன் பாருங்க. பேச ஆரமிச்சா நிறுத்த மாட்டான்னு வூட்டுக்காரியே சொல்லும். நம்பர்தான எழுதணும்? பேப்பர்ல நம்பர் மாதிரிதான் தெரிஞ்சிது. நம்பர்ல நம்மள அடிக்க ஆளு இல்ல சார். நேத்து ஒரு பையன் வரான், பைக்குக்கு நம்பர் பிளேட்டு. எட்டு, ஜீரோ, ஆறு, ஒண்ணு. அத்த வளச்சி நெளிச்சி அவன் ஆளு பேரு மாதிரி தெரியணுமாம். முடியாதுன்னு தொரத்திட்டேன். நம்பர்னா நம்பரா தெரியணும். தூரத்துலருந்து பாத்தா, மழயில பாத்தா, இருட்டுல டார்ச் அடிச்சிப் பாத்தா தெரியணும். சாம்பிள் காட்டட்டா? போன்ல கீது. இருங்க... இது இல்ல, இது பேரன். இது ஸ்கூல் வேனு. இது... ஆங், இது பாருங்க. இத்த விட ஒரு நம்பர் வேல நீங்க தாம்பரத்துல பாக்க முடியாது.

பாலத்துத் தூணு சார். அதே பாலம்தான், மேல பாலம். அளவுகோல் எழுதினது நான்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, மே மாசம், ஆறு காஞ்சி கெடந்திச்சி. ஒரு காண்ட்ராக்டரு வந்தான். நாளைக்கி பெரிய ஆபீசர் வராரு, இன்னிக்கே முடிச்சாவணும்னு. கயித்துல பலகைய கட்டித் தொங்கிகினு எழுதினேன், அந்த வெய்யில்ல. ஒரு கட்டம் கறுப்பு, ஒரு கட்டம் மஞ்சள், ஒவ்வொரு கட்டத்துலயும் நம்பரு. எவ்ளோ பளிச்சுன்னு கீது பாத்தீங்களா? கீழ மூலையில பேரு, செல் நம்பரு. பெரிசாக்கிப் பாருங்க. அந்தாளு ஹேமநாத்து நம்பர் நல்லா தெரியுதுன்றானே, யாரு எழுத்து? இந்தக் கையி.

அதுக்கு ஒரு படம் குடுத்தாங்க, காயிதத்துல. பத்து சென்டிக்கு ஒரு கட்டம் போடணுமாம். நான் பாத்தேன். பத்து சென்டி கட்டத்துக்குள்ள நம்பர் எழுதினா எறும்பு மாதிரி இருக்கும். பாலத்து மேலருந்து எவனுக்குத் தெரியும்? அதுவுமில்லாம எங்கிட்ட ஸ்டென்சில் வெட்டி வச்சது ஒரே சைசு. தோ, செவுத்துல மாட்டிகீதே, வூட்டுக் கதவு நம்பர் எழுதறது, அஞ்சு இஞ்சு. புதுசா வெட்ட நேரம் ஏது? அஞ்சு இஞ்சு கட்டமாவே போட்டேன். சோக்கா வந்திச்சி. பத்து சென்டின்னா நாலு இஞ்சு, இது அஞ்சு இஞ்சு, ஒரு இஞ்சு முன்ன பின்ன. நாப்பது கட்டம் போடச் சொன்னான், ஆனா முப்பத்தொண்ணு போட்றப்பவே தூணு முடிஞ்சிடிச்சி. மேல ஒம்போது கட்டத்துக்கு இடமே இல்ல. இன்னாடா கணக்கு போட்டானுங்க, தூணு உயரம் கூடத் தெரியாம நாப்பதுன்றானுங்கன்னு திட்டிகினே எறங்கினேன். அவ்ளோ மேல தண்ணி எங்க வரப் போவுது, உட்டுட்டேன். மறுநாளு ஆபீசர் வந்தாரு, பாலத்து மேல நின்னு பாத்தாரு, அழகா இருக்குன்னாரு, கார்ல ஏறினாரு, போனாரு.

இன்னா சார், எந்திரிச்சிட்டீங்க? ஸ்டென்சில் வேணுமா? நானே எடுத்துக் குடுக்கறேன். இன்னா டேப்பு எடுக்கறீங்க? அளந்துக்கோங்க, அஞ்சு இஞ்சு, ஒரு நூலு தப்பாது. என் வேலையில அளவு தப்பாது சார்...

...இன்னாத்துக்கு சார் அப்படிப் பாக்கறீங்க?

அந்தப் பேப்பர விரிங்க. இல்ல, இப்படி, வெளிச்சத்துல விரிங்க. இது... இது அதே படம்தான? கறுப்பு மஞ்ச கட்டம். பத்து சென்டி. நாப்பது. நீங்க... ஓ. நீங்க அந்த ஆபீசா? நேம் போர்டு இல்லியா? தூணுல பேரு பாத்துட்டு வந்தீங்களா?

ஒரு இஞ்சுதான சார். ஒரு கட்டத்துக்கு ஒரு இஞ்சு. ஒரு இஞ்சுல இன்னா... இருங்க. ரெண்டு நாலுன்னா இருவத்தி நாலாவது கட்டம். கட்டத்துக்கு ஒரு இஞ்சுன்னா, இருவத்தி நாலு இஞ்சு. ரெண்டு அடி. இல்ல, தப்பா போட்றேன். நீங்க போடுங்க சார். நீங்க படிச்சவரு, நீங்க போடுங்க. ரவி ரெண்டு நாலுன்னு பாக்கறப்போ நெஜமா தண்ணி... மூணா? மூணு மீட்டரா?

வாத்தியாரு சொன்னாரே சார். மூணு இருந்திருக்கணும்னு சொன்னாரே, ஆஸ்பத்திரியில.

அப்ப அந்த ரவி... மூணு ஒண்ணுக்கு மேல நம்பர் இல்லன்னு சொன்னானே. நெஜமாவே இல்ல சார். நான்தான எழுதல. தூணு மேல ஒம்போது கட்டத்த முழுங்கிட்டு, அவன குடிகாரன்னு... மொத கையெழுத்து என்னுது சார். கொட்ற மழயில நின்னு என் எழுத்தத்தான் படிச்சிகீறான். நான் எழுதினத ஒரு எழுத்து மாத்தாம படிச்சிகீறான்.

காண்ட்ராக்டரு பாக்கல, ஆபீசரு பாக்கல, கார்ல வந்து அழகா இருக்குன்னு சொன்னாரே, அவரு ஒரு டேப்பு வச்சிருக்கக் கூடாதா? நான் எட்டாவதுதான் சார் படிச்சேன். எனக்கு இன்னா தெரியும், அழகா இருக்கணும்னுதான்... எங்க போறீங்க? சார், மழயில போவாதீங்க. யாருக்கு போன் பண்றீங்க? ஜெயஸ்ரீ மேடத்துக்கா? என் பேர சொல்லுங்க, பரவால்ல, தூணுலயே கீது. ஆனா இன்னிக்கி... சார், இன்னிக்கி அந்த ஹேமநாத்து பாத்தது எத்தினி? நான் இன்னும் மாத்தி எழுதலியே, அதே தூணுதான, அதே கட்டந்தான? அப்ப ஒரு அடின்னு வந்துகீதே, அது எத்தினி அடி சார்? சொல்லிட்டுப் போங்க சார்...

போயிட்டாரு. வண்டிய எடுத்துட்டாரு.

படத்த வச்சிட்டுப் போயிட்டாரு.

...ஆங், இன்னா வாத்தியார் சார்? இல்ல, யாருமில்ல, ஒருத்தர் வந்தாரு, போயிட்டாரு. கேக்குது சார், கேக்குது. மணி மூணரை. இல்ல... இல்ல சார், கட்டில் மேல படுக்காதீங்க. எந்திரிங்க. டீச்சரம்மாவ பை எடுக்கச் சொல்லுங்க, மருந்து டப்பா மொதல்ல. ஜெரூஷாக்கு போன் பண்ணுங்க, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, அப்பா சொன்னாருன்னு சொல்லுங்க, ஒடனே வரச் சொல்லுங்க. இல்ல, அதுக்கு நேரம் ஆவும், நான் ஆட்டோ புடிச்சிக்கினு வரேன். ஒரு அடின்னு சொன்னேன், ஆமா சார், நான்தான் சொன்னேன். அத்த நம்பாதீங்க. எத்தினி வரும்னு என்னாண்ட கேக்காதீங்க சார்.

பெஞ்சுக்கு அடியில பாக்கச் சொன்னீங்களே. பாத்துட்டேன் சார். கதவத் தெறங்க, நான் உள்ள வந்து சொல்றேன்.